ஆர்சிசிபி போட்டதிலிருந்து வளவில் விளக்கு நிற்கவில்லை: பழைய வீட்டு வயரிங்கை என்ன செய்வது?

வளவுக்காரன் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐயாவுடைய ஐயா கட்டிய வீடு. முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று இந்தத் தெருவில் நுழைந்தால் பின் தெருவில் வெளியேறலாம். இப்போது மூன்று பங்காளி வீட்டாருக்குப் பொது. முகப்பில் மூன்று மீட்டர், மூன்று மெயின். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஒருவர் ஊரிலேயே, இன்னொருவர் மலேசியாவில்.

தை மாதம் தங்கை கல்யாணம், வளவில்தான் வைக்க வேண்டும் என்று அப்பச்சி பிடிவாதம். சரி, நானூறு பேர் வந்து போகிற இடமாயிற்றே என்று எங்கள் மீட்டருக்கு மட்டும் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டுகிற சுவிட்ச்) ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட நிம்மதி இல்லை. பட்டாலைக் கூடத்து ஃபேனைப் போட்டால் விழுகிறது. மழை பெய்தால் எதையும் போடாமலே விழுகிறது. மாட்டிய எலக்ட்ரீஷியன், "பழைய வீட்டுக்கு இது ஒத்துவராது தம்பி, எடுத்துருவோம்" என்கிறார். பெரியப்பாவும் அதையேதான் சொல்கிறார்: அறுபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையாம்.

இன்னொன்று. வளவில் இருக்கிற இரும்புத் தூணைத் தொட்டால் மழை நாளில் லேசாக "விர்" என்கிறது. வாட்ச்மேன் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எடுத்துவிடலாமா?

முகப்புத் திண்ணை | திங்கள், இரவு 9.35

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எடுத்துப் போட்டேன், நாலு வருஷமாக நிம்மதியாக இருக்கிறேன். கொல்லையில் நல்ல எர்த் போட்டு, எம்சிபியும் (லோடு கூடினால் விழுகிற சுவிட்ச்) வைத்துவிட்டால் போதும். புதுசாக எதையாவது விற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

மெக்கர் மாமா | திங்கள், இரவு 10.50

தூண் விர்ரென்கிற வீட்டில் ஆர்சிசிபியை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற கதையாக இருக்கிறது.

திண்ணை சொல்வதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த நம்பிக்கை நம் ஊரில் ரொம்ப ஆழம். உங்கள் எர்த் 8 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் செம்புராங்கல் பூமியில் 8 ஓம் வந்தால் கோயிலில் தேங்காய் உடைக்கலாம். கிரைண்டர் பாடியில் ஃபேஸ் பட்டுவிட்டது. 230-ஐ 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29 ஆம்பியர். ட்ரான்ஸ்பார்மர் பக்க எர்த்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். உங்கள் மெயினில் 32 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு விழும்? விழாது. கிரைண்டர் பாடி உயிரோடு நிற்கும், எர்த் கம்பி சூடேறும், மீட்டர் ஓடும். எர்த் 20 ஓம் ஆனால் 11 ஆம்பியர்தான் பாயும். 16 ஆம்பியர் எம்சிபிகூட அசையாது.

எம்சிபி என்பது கம்பியைக் காப்பாற்ற வந்தது. ஓவர்லோடு, ஷார்ட் இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். மனிதனுடைய உடம்பில் பாய்கிற 100, 200 மில்லி ஆம்பியர் அதற்குத் தூசு. ஆர்சிசிபி பார்ப்பது வேறு: போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று. வரவில்லை என்றால் வேறு எங்கேயோ போகிறது என்று அர்த்தம், சுவரிலோ, தூணிலோ, ஆளிலோ. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 150 மில்லி ஆம்பியர், காணாமல் போனால் 0.04 விநாடி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரை உச்சவரம்பாக வைத்திருப்பது விளையாட்டுக்கு இல்லை.

எர்த் சுமாராக இருந்தாலும் இது வேலை செய்யும் என்பதுதான் நம் ஊருக்கு விசேஷம். பாடியில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள, 50-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1,667 ஓம். கோடையில் காய்ந்து கிடக்கிற எர்த் குழிகூட அதற்குள் அடங்கிவிடும். அதற்காக எர்த்தே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபியால் காப்பாற்ற முடியாது. அதற்கு அவர் ஒரு பல்பு மாதிரிதான்.

முகப்புத் திண்ணை | திங்கள், இரவு 11.05

கணக்கெல்லாம் சரி மாமா. நடு ராத்திரி விழுந்தால் பிரிட்ஜில் இருப்பதற்கு யார் பொறுப்பு?

மெக்கர் மாமா | திங்கள், இரவு 11.12

பிரிட்ஜுக்குத் தனியாக ஒரு ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆர்சிசிபியில் கட்டினால் ஒன்று கெட்டால் ஊரே இருட்டு.

கோட்டையூர் வயர்மேன் | செவ்வாய், காலை 6.20

வளவுக்காரன் தம்பி, நீங்க சொன்னதிலேயே பாதி விடை இருக்கு. ஃபேன் போட்டதும் விழுந்தா ஒரு வியாதி. எதுவும் போடாம மழைக்கு விழுந்தா இன்னொரு வியாதி. ரெண்டையும் குழப்பாதீங்க.

முதல் வியாதி, கடன் வாங்கின நியூட்ரல். மூணு மீட்டர் இருக்கிற பங்காளி வீட்டில் பத்துக்கு ஏழில் இதைப் பார்க்கிறேன். வீடு ஒரே மெயினாக இருந்தப்ப வயரிங் நடந்திருக்கும். பிறகு பாகம் பிரிச்சு மீட்டர் பிரிக்கும்போது ஃபேஸை மட்டும் பிரிச்சுட்டு, நியூட்ரல் பக்கத்துக் கட்டு வழியாப் போறதை அப்படியே விட்டிருப்பாங்க. உங்க ஃபேஸ், பெரியப்பா நியூட்ரல். ஒரு ஃபேன் 75 வாட்ஸ்னா 300 மில்லி ஆம்பியருக்கு மேல. உங்க ஆர்சிசிபியைப் பொறுத்தவரை அவ்வளவும் காணாமல் போன கரண்ட். விழாம என்ன செய்யும்? 40 வாட்ஸ் குண்டு பல்பே 170 மில்லி ஆம்பியர்.

இது ஆர்சிசிபிக்கு மட்டும் பிரச்சினை இல்லை. பெரியப்பா வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு யாராவது வேலை பார்த்தா, உங்க ஃபேன் வழியா அந்த நியூட்ரலில் கரண்ட் வந்து நிக்கும். என் கூட இருந்த பையன் ஒருத்தன் அப்படி ஏணியிலிருந்து விழுந்திருக்கான். நல்லவேளை, கால் எலும்பு முறிஞ்சதோட போச்சு.

ரெண்டாவது வியாதிக்கு மெக்கர் வேணும், அதான் வயரோட இன்சுலேஷனை அளக்கிற மீட்டர். டெஸ்டர் வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. மெயினை இறக்கி, எல்இடி, இன்வெர்ட்டர், டிவி எல்லாத்தையும் கழட்டிட்டு, 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டா எர்த்துக்குப் பாருங்க. ஃபேஸ் மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, நியூட்ரலையும் பாருங்க. எம்சிபி ஃபேஸைத்தான் வெட்டும். நியூட்ரல் ஈரச் சுவரில் ஒட்டிக்கிட்டு இருந்தா, எம்சிபியை எல்லாம் இறக்கினாலும் ஆர்சிசிபி விழும். இதைத் தெரியாம ரெண்டு நாள் தலையைச் சொறிஞ்சவங்க நிறைய.

வயர் எந்தக் காலத்துது? படம் இருந்தா போடுங்க.

வளவுக்காரன் | செவ்வாய், இரவு 8.40

வாட்ச்மேனிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வளவுச் சுற்றிலும் தேக்கு ரீப்பர் கட்டையில் தகரக் கிளிப் அடித்த வயரிங். முகப்பில் மட்டும் மரப் பட்டிக்குள்ளே, மேலே மர மூடி. ஒரு இடத்தில் மூடியைத் திறந்தால் துணி சுற்றிய கறுப்பு ரப்பர் வயர். கை வைத்ததும் ரப்பர் பொடியாகக் கொட்டியதாம். பீங்கான் ஃப்யூஸ் கட்டை இரண்டு இரண்டாக இருக்கிறது. மூன்றாங்கட்டில் எண்பதுகளில் போட்ட அலுமினிய வயர்.

கோட்டையூர் வயர்மேன் | செவ்வாய், இரவு 9.15

ரப்பர் கொட்டுதுன்னா அந்த வயருக்கு ஆயுசு முடிஞ்சாச்சு. அதைத் தொட்டுத் தொட்டு ரிப்பேர் பண்ணாதீங்க, அசைக்கிற இடமெல்லாம் உதிரும்.

ஃப்யூஸ் கட்டை இரண்டு இரண்டா இருக்குன்னா ஒன்று நியூட்ரலில். அது ரொம்ப மோசம். நியூட்ரல் ஃப்யூஸ் போனா விளக்கு அணையும், ஆனா ஹோல்டரில் கரண்ட் இருக்கும். அணைஞ்சிருக்கேன்னு கை வைப்பாங்க. நியூட்ரலில் ஃப்யூஸோ தனி சுவிட்சோ இருக்கக் கூடாதுங்கறது விதி.

அலுமினியத்தைத் தாமிரத்தோட முறுக்கி டேப் சுத்தியிருந்தா அந்த ஜாயின்ட்டெல்லாம் சூடாகும். மேலே தேக்கு, மறக்காதீங்க.

சிங்கப்பூர் பங்காளி | புதன், காலை 7.05

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு, சுவரில் காடி எடுத்து பைப் பதித்து, புது வயரிங் போடுங்கள். காசைப் பார்க்காதீர்கள். எர்த் இல்லாத இடத்தில் தற்போதைக்குச் சாக்கெட்டின் மூன்றாவது துளையை நியூட்ரலோடு லூப் பண்ணிவிட்டால் கல்யாணத்தைச் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

மெக்கர் மாமா | புதன், காலை 7.30

கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். நியூட்ரல் எங்கேயாவது ஒரு இடத்தில் அறுந்தால், அந்தச் சாக்கெட்டில் மாட்டிய அத்தனை பாடியிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த் இல்லாத கிரைண்டர் கெட்டால்தான் ஷாக் அடிக்கும். நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் கிரைண்டர் நல்ல நிலையில் இருந்தாலும் அடிக்கும். உங்கள் வீட்டில் இன்னும் அப்படி இருந்தால் இன்றே போன் பண்ணி அவிழ்க்கச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்காரி | புதன், காலை 10.15

காடி எடுக்கச் சொல்கிற பங்காளி அண்ணனுக்கு: அந்தச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் அரைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய பூச்சு. கட்டிங் மெஷினை வைத்து ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் அரை அடிக்குச் செதில் செதிலாக உரியும். அதை ஒட்டப்போட இன்றைக்குக் கை தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நாலு அறையை விருந்தினர் தங்குவதற்காகச் சரிசெய்தபோது ஒரு கான்ட்ராக்டர் நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் வளவுச் சுவர் முழுக்கக் கீறி, பைப் பதித்து, சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் நிற்காது. மூன்று மழையில் உப்புப் பூத்து அந்தக் கோடு மட்டும் பாம்பு மாதிரி தெரிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

பிறகு மற்ற அறைகளுக்கு நாங்கள் செய்தது இது. வளவுத் தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரத்தின் மேல்விளிம்பு கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வயரெல்லாம் அதன்மேல் பைப்பில் போய்விட்டது. சுவரில் இறங்குகிற இடத்தில் பழைய மரப் பட்டியையே கழற்றி, சுத்தம் பண்ணி, கரையான் மருந்தடித்து, உள்ளே புது வயர் வைத்து மூடினோம். ஆனால் மரத்துக்குள்ளே போவதால் சாதாரண வயர் வேண்டாம், தீ பிடித்தால் புகை குறைவாக வருகிற ரகம் வாங்குங்கள் என்று மகன் அடித்துச் சொன்னான். ஓட்டுக்கு அடியில் போகிற வயரைப் பைப் இல்லாமல் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அணில்தான் முதல் எலக்ட்ரீஷியன்.

காடி எடுத்தே தீர வேண்டுமென்றால் மூன்றாங்கட்டில் எடுங்கள். சமையல்கட்டுச் சுவர் எப்படியும் பலமுறை பூசியதுதான்.

கோட்டையூர் வயர்மேன் | புதன், மதியம் 1.40

ஆச்சி சொன்னது நூத்துக்கு நூறு. வயர் கணக்கு மட்டும் நான் சேர்க்கிறேன். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லி தாமிரம். ஒரு சர்க்யூட்டில் பத்துப் பாயிண்ட் அல்லது 800 வாட்ஸ், அதுக்கு மேல வேண்டாம். கிரைண்டர், ஹீட்டர் மாட்டுற 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கு 4. எர்த் பச்சை வயர் எல்லாப் பாயிண்ட்டுக்கும் கூடவே போகணும். பழைய ஆட்கள் 3/22, 7/20-ன்னு கேட்டா குழம்பாதீங்க, அது இழை கணக்கு. 7/20-ன்னா 20 கேஜ் கம்பி ஏழு இழை, சுமார் 4.6 சதுர மில்லி.

கலரை நம்பாதீங்க. பழைய வயரிங்கில் சிவப்பு நியூட்ரலா இருக்கும், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். ஒவ்வொன்னையும் டெஸ்ட் லேம்ப் வச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க.

எர்த்துக்கு: ரெண்டரை மீட்டர் ஜிஐ பைப், உள்விட்டம் 38 மில்லிக்குக் குறையாம. சுவரிலிருந்து குறைஞ்சது ஒன்றரை மீட்டர் தள்ளி. செம்புராங்கல்லில் தோண்ட ஒரு நாள் முழுக்க ஆகும், கூலியில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கொல்லையில் ஒன்னு, முகப்புப் பக்கம் ஒன்னு. ரெண்டுக்கும் நடுவில் அஞ்சு மீட்டராவது இடைவெளி. கிணத்தடியில் ஈரம் நிக்கிற இடம் கிடைச்சா அதுவே நல்லது.

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 9.30

வயர்மேன் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். ஊர்க்காரருக்கு நன்றி சொல்வது எப்படி என்று தெரியவில்லை. வளவில் உட்கார்ந்து ஒரு வாய் காபிகூட அவசரத்தில்தான் குடித்தார்.

பட்டாலை ஃபேன்: அண்ணன் சொன்னதேதான். எங்கள் ஃபேஸ், பெரியப்பா நியூட்ரல். பெரியப்பா முன்னாலேயே அவர் மெயினை இறக்கி, எங்கள் ஃபேனைப் போட்டு, அவர் பக்க நியூட்ரலில் டெஸ்ட் லேம்ப் எரிவதைக் காட்டினார். பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப எங்க மீட்டர்ல உங்க கரண்ட் ஓடிருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மெக்கர்: எங்கள் பாகத்தில் 64 பாயிண்ட். 50-ஐப் பாயிண்ட் எண்ணிக்கையால், அதாவது 64-ஆல், வகுத்தால் குறைந்தது 0.78 மெகா ஓம் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார். வளவு சர்க்யூட்டில் வந்தது 0.01. அதாவது எதையும் போடாமலே 23 மில்லி ஆம்பியர் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் ஆர்சிசிபி விழலாமாம்.

தூண்: ரீப்பர் அடித்த ஆணி ஒன்று வயருக்குள் இறங்கி, பின்னால் இருக்கும் இரும்பு உத்தரத்தைத் தொட்டிருந்தது. அந்த உத்தரம் தூண்மேல் உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது. எத்தனை வருஷம் அப்படி இருந்ததோ, நாங்கள் சின்னப் பிள்ளையில் அந்தத் தூணைச் சுற்றித்தான் ஓடிப்பிடித்து விளையாடினோம்.

முகப்புத் திண்ணை | ஞாயிறு, இரவு 10.20

படித்தேன். நாளைக்கு மழை வந்தால் எங்கள் வீட்டுத் தூணைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கோட்டையூர் வயர்மேன் | ஞாயிறு, இரவு 10.24

அண்ணே தொடாதீங்க. மெக்கரை எடுத்துக்கிட்டு நான் வர்றேன்.

மெக்கர் மாமா | திங்கள், காலை 6.50

கல்யாணத்துக்கு இரண்டு வார்த்தை, வளவுக்காரனுக்கு. வீட்டு வயரிங்கை எவ்வளவு சரி செய்தாலும் அன்றைக்கு வெளியிலிருந்து மூன்று பேர் வயரோடு வருவார்கள்: சீரியல் லைட் போடுகிறவர், சமையல்காரர், ஜெனரேட்டர்காரர். இவர்களை உங்கள் டிபியில் (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டியில்) கை வைக்க விடாதீர்கள். மூன்றாங்கட்டில் தனியாக ஒரு பெட்டி வைத்து, அதற்குத் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, அங்கிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சமையல்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு கோர் ஒயர், எர்த் இருக்காது, நடுவில் ஒரு முறுக்கு இருக்கும், அது ஈரத் தரையில் கிடக்கும். மூன்று கோர் கேபிளை நீங்களே வாங்கி வைத்துவிடுவது மலிவு.

லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிறதா என்று பாருங்கள். மெயினை இறக்கிவிட்டு ஏதாவது சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் சொருகினால், யாராவது மெயினைத் தூக்கிய நொடியில் தெரு லைனுக்கே கரண்ட் போகும். கம்பத்தில் ஒருவர் இருப்பார்.

ஆர்சிசிபியில் "டி" என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் அது இறுகிப் போகும்.

வளவுக்காரன் | சனி, இரவு 11.15

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

எங்கள் பாகத்துக்கு வளவும் முகப்பும் ஆத்தங்குடி ஆச்சி சொன்னபடி உத்தரத்தின் மேல் போய்விட்டது. சுவரில் ஒரு கீறல் இல்லை. தூணுக்கும் பச்சை வயர் இழுத்து எர்த்தில் சேர்த்தாயிற்று. கட்டுக்குக் கட்டுத் தனித்தனி ஆர்சிபிஓ. கொல்லை எர்த் 11 ஓம், முகப்பு 17. இரண்டையும் சேர்த்தபின் 7. சித்திரையில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியற்காலை நாலு மணிக்கு மூன்றாங்கட்டுப் பெட்டி விழுந்தது. சமையல்காரருக்குக் கோபம். "உங்க பெட்டியை மாத்துங்க, மாவு புளிச்சுரும்" என்று சத்தம். அவருடைய கிரைண்டரை எடுத்துவிட்டு எங்களுடையதை வைத்ததும் பெட்டி விழாமல் நின்றது. அவருடையதை அவரே கொல்லையில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெரியப்பா பாகம் பாதி முடிந்திருக்கிறது. நியூட்ரல் பிரித்தாயிற்று, ஆர்சிசிபி வேண்டாமாம். மீட்டர் கணக்கு மட்டும் இன்னும் கேட்கிறார். பிரச்சினை மூன்றாவது பாகம். மலேசியாவில் இருக்கிற அண்ணனுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அவர்களுடைய அறை இரண்டும் பூட்டிக் கிடக்கிறது. பழைய ரப்பர் வயர் அந்த அறை வழியாகத்தான் மாடிக்குப் போகிறது. மீட்டர் உயிரோடு இருக்கிறது. பூட்டை உடைக்க எங்களுக்கு உரிமை இல்லை. என்ன செய்வது?

கோட்டையூர் வயர்மேன் | ஞாயிறு, காலை 6.10

அறைக்குள்ளே போக வேண்டாம் தம்பி. அவங்க மெயின் முகப்பில் பொது இடத்தில்தானே இருக்கு. பெரியப்பாவைச் சாட்சிக்கு வச்சுக்கிட்டு, மெயினை ஆஃப் பண்ணி, ஃப்யூஸ் கட்டையைக் கழட்டி, ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வாட்ச்மேன்கிட்டே கொடுங்க. செஞ்சதை மலேசியாவுக்குப் போட்டோவோட அனுப்புங்க. இருட்டா இருக்குன்னு போன் வரும்போது பேசிக்கலாம்.

ஆத்தங்குடிக்காரி | ஞாயிறு, காலை 9.00

கழற்றிய பித்தளை சுவிட்சையும் பீங்கான் கட்டையையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஆறு சுவிட்ச் வேண்டும். கரண்ட் கொடுக்கப் போவதில்லை, சுவரில் இருந்த இடத்திலேயே மறுபடி மாட்டிவைக்கத்தான்.